கூரை போட்ட பாலங்களைத் தேடி

(எமது வானொலியின் ஞாயிறு உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த நிகழ்ச்சியில் வழக்கமாக விசா, வரி, பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம் என்று அவசியமான விடயங்களைக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் கதைக்கப் போவது அவசரம் எதுவும் இல்லாத ஒரு விடயம். நாங்கள் வாழும் இந்தச் சுவிஸ் நாட்டில் இருக்கிற பழைய மரப்பாலங்களைப் பற்றி, அதிலும் மேலே வீட்டுக்குப் போடுவது போலக் கூரை போட்ட பாலங்களைப் பற்றி.

"பாலத்தைப் பற்றி அரை மணித்தியாலம் என்ன கதைக்க இருக்கு?" என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களில் பலர் லுட்சேர்ணில் அந்த நீண்ட மரப்பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறோம். ஊரில் இருந்து விருந்தினர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவோம். ஆனால் அதற்கு ஏன் கூரை போட்டார்கள் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்?

நடந்து போகிறவர்கள் நனையாமல் இருக்க என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். அது ஒரு பக்க நன்மை மட்டுமே. அந்தக் கூரை முக்கியமாகப் பாலத்துக்காகப் போடப்பட்டது.

என்னுடைய தகப்பனார் ஊரில் தச்சுவேலை செய்தவர். வளை, தீராந்தி, கைமரம், சிலாகை என்ற சொற்களைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு விடயம், மரம் நனைவதால் கெடாது, நனைந்தபின் காயாமல் கிடந்தால்தான் கெடும் என்பது. முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் மரத்துக்குக் காற்றுப் படாதபடியால் அது நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். எப்போதும் காய்ந்திருக்கும் மரமும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே, மழை பெய்து ஈரம் பொருத்துக்குள் போய்த் தங்கும் இடத்தில்தான் பூஞ்சணம் பிடித்து உக்கத் தொடங்கும். பாலத்தைத் தாங்குவதே அந்தப் பொருத்துகள்தான். வெறுமனே வெளியில் கிடக்கும் மரப்பாலம் ஓரிரு பத்தாண்டுகளிலேயே பழுதாகத் தொடங்கிவிடும். மேலே கூரையும் பக்கங்களில் பலகையும் அடித்துவிட்டால் அதே மரம் 200, 300 ஆண்டுகள் நிற்கும். பாலத்தைத் தாங்கும் மரங்கள் விலை கூடியவை, மாற்றுவதும் கடினம். கூரையின் ஓடு மலிவானது, கழற்றி மாற்றலாம். மலிவானதைப் போட்டு அருமையானதைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்தப் பாலங்களுக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால் எங்கள் ஊர் வீட்டுக் கூரைக்குள் நிற்பது போலவே இருக்கும். நடுவில் ஒரு நிமிர்ந்த மரம், இரண்டு பக்கமும் சாய்ந்து வந்து அதில் முட்டும் இரண்டு மரங்கள். அந்த நிமிர்ந்த மரத்தின் அடியில்தான் பாலத்தின் தளம் தொங்குகிறது. பாரம் நிமிர்ந்த மரத்தால் மேலே ஏறி, சாய்ந்த மரங்கள் வழியாகக் கரைக்கு இறங்குகிறது. ஆற்றின் நடுவே தூண் கட்ட முடியாத இடங்களில் இதைத்தான் செய்தார்கள். நீண்ட பாலம் என்றால் இந்தச் சட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குகளாக வைத்தார்கள், அல்லது தடித்த மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்து ஒரு பெரிய வில் போலச் செய்தார்கள்.

இந்தக் கலையில் பேர்போனவர் ஹன்ஸ் உல்றிக் குறூபன்மான். அப்பன்செல் பகுதியில் ரொய்ஃபன் என்ற ஊரில் 1709இல் பிறந்து 1783இல் இறந்தவர். பல்கலைக்கழகம் போய்ப் பொறியியல் படித்தவர் அல்ல, தச்சர் குடும்பத்தில் பிறந்த ஒரு தச்சர். 1750களில் ஷாஃப்ஹவுசன் நகரில் றைன் ஆற்றின் மேல் அவர் கட்டிய பாலத்தைப் பார்க்க வெளிநாடுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஒரே தாவலாக, நடுவில் தூண் இல்லாமல் கட்டுகிறேன் என்று அவர் சொன்னாராம். நகரசபையினர் பயந்துபோய், முந்தைய பாலத்தின் தூண் நடு ஆற்றில் நிற்கிறது, அதன்மேல் கட்டாயம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கட்டி முடித்த பிறகு பாலம் அந்தத் தூணில் உண்மையாகவே தங்கியிருக்கிறதா, அல்லது தொட்டும் தொடாமலும் நிற்கிறதா என்று ஊரார் நெடுநாள் கதைத்துக்கொண்டார்களாம்.

அந்தப் பாலத்தை நீங்களும் நானும் பார்க்க முடியாது. 1799இல் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையினர் அதை எரித்துவிட்டார்கள். அவர் வெற்றிங்கனில் சுமார் 60 மீற்றர் தூரத்தை ஒரே தாவலாகக் கடந்து கட்டிய இன்னொரு பாலமும் அதே ஆண்டு எரிந்தது. ஓல்ரனில் இருந்த பழைய பாலத்தை அதற்கு முந்திய ஆண்டே, 1798இல், படையினர் எரித்திருந்தார்கள். நாங்கள் இன்று ஓல்ரனில் நடந்து போகிற கூரைப் பாலம் அதன்பின் 1803இல் கட்டப்பட்டது. போர் வந்தால் முதலில் போவது பாலம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அமைதியான நாடு என்று நாங்கள் வந்து சேர்ந்த இந்த நாட்டிலும் அது நடந்திருக்கிறது.

குறூபன்மானின் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் சென்காலனுக்கு அண்மையில் ஊர்னேஷ் ஆற்றின் மேல் கூபெல் என்ற இடத்தில் 1780இல் அவர் கட்டிய பாலத்துக்குப் போகலாம். பள்ளத்துக்குள் இருக்கிறது, நடந்துதான் இறங்க வேண்டும். ரொய்ஃபனில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பாலங்களின் மாதிரி உருக்களை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம்.

இனி லுட்சேர்ணுக்கு வருவோம். கப்பெல்புறுக்க என்ற அந்தப் பாலம் 14ஆம் நூற்றாண்டில் நகரத்தின் பாதுகாப்பு அரணின் ஒரு பகுதியாகக் கட்டப்பட்டது. சுமார் 200 மீற்றர் நீளம். உள்ளே கூரைக்குக் கீழே முக்கோண வடிவப் பலகைகளில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. 1993 ஓகஸ்ட் 17க்கும் 18க்கும் இடைப்பட்ட இரவில் பாலம் தீப்பிடித்தது. பாலத்தின் அடியில் கட்டியிருந்த ஒரு படகில் இருந்து தீ பரவியதாக நம்பப்படுகிறது. நடுப்பகுதி பெருமளவில் எரிந்து, ஓவியங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின.

அப்போது நான் லுட்சேர்ணில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. காலையில் வேலைக்குப் போகும்போது கரையில் ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. வயது போன ஒரு அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அதுவரை சுவிஸ்காரர் பொது இடத்தில் அழுவதை நான் கண்டதில்லை. என்னோடு வேலை செய்த தமிழ்த் தம்பி ஒருவர், "அண்ணை, ஒரு பாலம்தானே, காசு இருக்கு, திரும்பக் கட்டுவினம்" என்றார். நான், "தம்பி, 81இல எங்கட நூலகம் எரிஞ்சதையும் வெளியில இருந்து பார்த்தவைக்கு ஒரு கட்டிடம்தான்" என்றேன். அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. இது தற்செயலான தீ. ஆனால் கரையில் நின்ற அந்த முகங்களில் இருந்தது எனக்குத் தெரிந்த ஒன்றுதான்.

தம்பி சொன்னதும் சரியாகவே நடந்தது. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரல் 14ஆம் திகதி, பாலத்தைத் திரும்பத் திறந்தார்கள். இன்று நீங்கள் அதில் நடக்கும்போது இரண்டு அந்தங்களிலும் பழைய மரம், நடுவில் புது மரம். நடுப்பகுதியில் ஓவியம் இருக்க வேண்டிய இடங்கள் பல வெறுமையாக இருப்பதையும் காணலாம். அடுத்த முறை போனால் பிள்ளைகளுக்கு அந்த வெறும் இடங்களையும் காட்டுங்கள்.

அங்கிருந்து ஆற்றோடு சற்றுக் கீழே நடந்தால் ஸ்புறொயர்புறுக்க என்ற இன்னொரு கூரைப் பாலம். சுற்றுலாப் பயணிகள் அங்கே அவ்வளவாக வருவதில்லை. பெயரைத் தமிழில் சொன்னால் உமிப்பாலம். அது நகரத்தின் கடைசிப் பாலமாக இருந்தபடியால், தானியத்தின் உமியையும் சருகையும் அங்கே நின்றுதான் ஆற்றில் கொட்டலாம் என்று விதி. மேலே நின்று கொட்டினால் கீழே தண்ணீர் அள்ளுகிறவர்களுக்கு அசுத்தம். அந்தப் பாலத்தின் ஓவியங்கள் 17ஆம் நூற்றாண்டில் கஸ்பார் மெக்லிங்கர் வரைந்தவை. அரசன், துறவி, வணிகன் என்று ஒவ்வொருவரையும் மரணம் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் பயப்படக்கூடும், கூட நின்று விளங்கப்படுத்துங்கள்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்த பாலம் ஆர்கவ் மாநிலத்தில் ஸ்ரைன் என்ற ஊரில் இருக்கிறது. றைன் ஆற்றைக் கடந்து அக்கரையில் ஜேர்மனியின் பாட் சேக்கிங்கன் நகரத்துக்குப் போகும் பாலம். 200 மீற்றருக்கு மேல் நீளம். ஐரோப்பாவிலேயே மிக நீளமான கூரை போட்ட மரப்பாலம் என்று இதைச் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் இருந்தே அந்த இடத்தில் பாலம் இருந்திருக்கிறது. வெள்ளமும் போரும் அதைப் பலமுறை அழித்தன. இன்றைய பாலம் 1700ஆம் ஆண்டளவில் கட்டி முடிந்தது. 1979இல் வாகனங்களுக்கென வேறு பாலம் கட்டிய பிறகு இதில் நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரரும் மட்டுமே.

1990களின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடும்பமாக அங்கே போனோம். அப்போது எங்களிடம் இருந்தது எஃப் விசா. நாட்டை விட்டு வெளியே போக முடியாது. பாலத்தின் இடையில் எல்லை வருகிறது. அந்த இடம் வரை நடந்துபோய் நின்றோம். மகளுக்கு அப்போது ஆறு வயது.

"அப்பா, ஏன் நிக்கிறீங்கள்? அங்கால ஐஸ்கிரீம் கடை தெரியுது."

"அது வேற நாடு மகள். எங்களுக்குப் போகேலாது."

"மற்ற ஆக்கள் எல்லாரும் போகினம்தானே?"

அதற்கு என்ன பதில் சொல்வது? மனைவி, "வாங்கோ, வீட்டை போவம்" என்றா. திரும்பி நடந்தோம்.

பல ஆண்டுகள் கழித்து எங்களுக்கு நிரந்தர அனுமதியும் பிறகு குடியுரிமையும் கிடைத்தன. அதன்பிறகுதான் அந்தப் பாலத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வாசித்தபோது ஒரு விடயம் என்னை நிறுத்தியது. அந்தப் பாலம் கட்டப்பட்ட காலத்தில் அங்கே எல்லையே இல்லை. ஸ்ரைனும் சேக்கிங்கனும், ஆற்றின் இரண்டு கரைகளும், ஒஸ்ரிய ஆட்சியின் கீழ் ஒரே நிலமாக இருந்தன. பிறகு நெப்போலியன் காலத்தில், 1801இல் செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தத்தால்தான் றைன் ஆறு அந்த இடத்தில் எல்லையானது. 1803இல் தென்கரை ஆர்கவ் மாநிலத்தோடு சேர்ந்தது. பாலத்துக்கு அப்போதே 100 வயது. எங்களை நடுவில் நிறுத்திய எல்லை, எங்கள் காலுக்குக் கீழே இருந்த பாலத்தை விட வயதில் இளையது.

இதை மகளுக்குச் சொன்னேன். அவ இப்போது ஆசிரியை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியது தனக்கு நன்றாக ஞாபகம் என்றும், தான் ஏதோ குழப்படி செய்தபடியால்தான் திரும்பிப் போனோம் என்று கனகாலம் நினைத்திருந்ததாகவும் சொன்னா. எனக்கு அது தெரியாது. இருபது வருடமாக அந்தப் பிள்ளை அப்படி நினைத்திருக்கிறது. நேயர்களே, இந்த உரையை எழுத என்னை இருத்தியது அந்த வார்த்தைதான். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஊரின் கதையைச் சொல்கிறோம். இங்கே நாங்கள் அனுமதிக்காகக் காத்திருந்த ஆண்டுகளின் கதையைச் சொல்வதில்லை. இப்படியான ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், அந்த இடமே கதையை எடுத்துக் கொடுக்கும்.

ஒரு முக்கியமான குறிப்பு. 2008 டிசம்பரில் சுவிஸ் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்தபின் அந்தப் பாலத்தில் மறிப்பது அரிதானது. அதற்காக எஃப் விசாவோடு இருப்பவர்கள் அக்கரைக்குப் போக வேண்டாம். முறையான அனுமதி இல்லாமல் வெளியே போவது உங்களுக்குப் பிரச்சினையாக முடியலாம். பாலத்தின் பெரும் பகுதியை இந்தப் பக்கத்தில் இருந்தே பார்க்கலாம்.

அடுத்து எமென்ரால். 1837 ஓகஸ்டில் எம்மெ ஆற்றில் வந்த பெருவெள்ளம் பாலங்களை அள்ளிக்கொண்டு போனது. ஜெரெமியாஸ் கொட்ஹெல்ஃப் என்ற எழுத்தாளர் அந்த வெள்ளத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதன்பின் ஹாஸ்லெ-றூயெக்ஸவ் என்ற இடத்தில் 1839இல் கட்டி முடித்த பாலத்தில் ஒரு பாடம் தெரிகிறது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட வைக்கவில்லை. வெள்ளத்தில் அடித்து வரும் மரங்கள் தூணில் மோதித்தான் பாலங்கள் விழும். ஆகவே சுமார் 58 மீற்றர் தூரத்தை ஒரே மர வில்லால் தாவிவிட்டார்கள். 1950களில் லொறிகளுக்கு அந்தப் பாலம் போதாமல் போனது. இடித்து விறகாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கழற்றி, ஆற்றோடு சற்றுக் கீழே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினார்கள். மரமும் முளையும் கொண்டு செய்த பொருளைக் கழற்றிப் பூட்டலாம். சீமெந்தை அப்படிச் செய்ய முடியாது.

கூரைப் பாலம் ஐரோப்பியருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் பதுளைக்கு அண்மையில் போகொட என்ற இடத்தில், ஒரு விகாரையின் அருகே, ஓட்டுக்கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று இன்றும் இருக்கிறது. மலையகத்தில் இருந்து வந்த நேயர்கள் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். மழையும் மரமும் இருக்கிற இடத்தில் தச்சர்களுக்கு ஒரே யோசனைதான் வந்திருக்கிறது.

சரி, இவற்றைத் தேடிப் பிடிப்பது எப்படி?

முதலாவது, பெயர்ப்பலகைகளை வாசியுங்கள். "ஹோல்ஸ்புறுக்க" என்றால் மரப்பாலம். "அல்ற்ற புறுக்க" என்றால் பழைய பாலம். பெயரில் "புதிய" என்று இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பேர்ண் நகரத்தின் வடக்கே ஆரே ஆற்றின் மேல் நொய்புறுக், அதாவது புதுப்பாலம் என்று ஒன்று இருக்கிறது. அது 1535இல் கட்டியது. பேர்ண் மாநிலத்தின் மிகப் பழைய மரப்பாலம் அதுதான்.

இரண்டாவது, சுவிஸ் அரசின் நில அளவைத் திணைக்களம் வெளியிடும் நடைபாதை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூரைப் பாலத்துக்கு அதில் தனிக் குறியீடு உண்டு. குறியீட்டு விளக்கத்தைப் பார்த்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரியவர்களை விட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே திணைக்களத்தின் 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களையும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். அன்று ஆற்றைக் கடந்த பாதை இன்று எங்கே கடக்கிறது என்று ஒப்பிட்டால், மறைந்துபோன பாலங்களின் இடமும் தெரியும்.

மூன்றாவது, நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஆற்றோரமாக மஞ்சள் பலகை காட்டும் வழியில் நடவுங்கள். பாலத்துக்குள் போனதும் நடந்து கடந்துவிடாமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் வேண்டும். பிறகு குறுக்கு மரங்களைப் பாருங்கள். கட்டிய ஆண்டும் தச்சரின் பெயரும் வெட்டியிருக்கக்கூடும். கறுத்த மரம் எது, வெளிறிய மரம் எது என்று பாருங்கள். வெளிறியது பிறகு மாற்றியது. மர முளைகளைத் தடவிப் பாருங்கள்.

எமென்ராலில் ஒருமுறை கூரை வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவரோடு கதைத்தேன். பாலத்தைப் பரிசோதிக்க வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "கூரையை. கூரை சரியென்றால் கீழே பெரிய வேலை இருக்காது" என்றார். என் தகப்பனாரும் தச்சர் என்று சொன்னதும் ஏணியில் இருந்து இறங்கி வந்து கைகொடுத்தார். கைமரத்துக்கும் சிலாகைக்கும் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் தன்னுடைய பேச்சுமொழிச் சொற்களைச் சொன்னார். இந்த நாட்டில் ஒருவர் என்னிடம் எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்காமல், உன்னுடைய அப்பாவின் தொழிலில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது அதுதான் முதல்தடவை.

எங்களில் பலர் இந்த நாட்டைச் சமையலறை வழியாகவும் துப்புரவு வேலை வழியாகவும் அலுவலகக் கடிதங்கள் வழியாகவும்தான் அறிந்திருக்கிறோம். இப்போது ஓய்வுபெறும் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறோம். பேரப்பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு பொழுதைக் கழிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நுழைவுச் சீட்டுத் தேவையில்லை. மழை பெய்தாலும் ஒதுங்க இடம் இருக்கிறது. கட்டிக்கொண்டு போன சோற்றை அங்கேயே ஆற்றங்கரையில் இருந்து சாப்பிடலாம்.

இந்த மாதத்தில் உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு கூரைப் பாலத்தைக் கண்டுபிடித்துப் போய்ப் பாருங்கள். அதில் வெட்டியிருக்கும் ஆண்டைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நிலையத்துக்கு எழுதி அனுப்பினால் அடுத்த தொகுப்பில் மாநிலவாரியாகப் போடலாம் என்று பொறுப்பாளர் சம்மதித்திருக்கிறார்.